மரத்தில் செய்த விமானம் பிறந்த ஊர்: ஹாட்ஃபீல்டில் ஆறு நாள்

செப்டம்பர் 18, 2024, புதன்

மகள் ஹெர்ட்ஃபோர்ட்ஷர் பல்கலைக்கழகத்தில் முதுகலை படிக்கிறாள். ஆறு நாள் அவளோடு இருப்பது, கொண்டுபோன மிளகாய்ப்பொடியையும் நேந்திரங்காய் வற்றலையும் கொடுப்பது, திரும்பி வருவது. இதுதான் திட்டம். ஊர் சுற்றிப் பார்க்கும் எண்ணமே இல்லை. லண்டனுக்கு வடக்கே இருக்கும் ஹாட்ஃபீல்டில் பார்க்க என்ன இருக்கும் என்றுதான் நினைத்திருந்தேன்.

பேருந்தில் இருந்து இறங்கி அவள் வீட்டுக்கு நடக்கும்போது ஒரு தெருப்பலகை கண்ணில் பட்டது. மஸ்கிட்டோ வே. நின்றுவிட்டேன்.

"கொசுத் தெருப்பா. நாங்க அப்படித்தான் சொல்லுவோம்" என்றாள்.

கொசு இல்லை மக்ளே, விமானம் என்றேன். அவளுக்குத் தெரியவில்லை. ஒரு வருடமாக அந்த வழியில்தான் வகுப்புக்குப் போய் வருகிறாள். பக்கத்தில் காமெட் வே என்று ஒரு சாலை. அதுவும் விமானம்தான்.

எனக்கு எப்படித் தெரியும் என்றால், நான் தச்சர் வீட்டுப் பையன். நாகர்கோவில் பக்கம் அப்பா கதவும் கட்டிலும் செய்தார். நான் தொழிற்பயிற்சி நிலையத்தில் இருபத்தெட்டு வருடம் மரவேலை சொல்லிக்கொடுத்து ஓய்வு பெற்றேன். மரத்தில் செய்து, பசை போட்டு ஒட்டி, இரண்டாம் உலகப் போரில் பறந்த விமானம் ஒன்று உண்டு, அதன் பெயர் மஸ்கிட்டோ என்று ஒவ்வொரு வருடமும் முதல் வகுப்பில் பையன்களுக்குச் சொல்வேன். அது பிறந்த ஊரில்தான் என் மகள் குடியிருக்கிறாள் என்பது அன்றைக்கு மாலை வரை எனக்குத் தெரியாது.

இரவு ரசமும் முட்டைப் பொரியலும். அதே வீட்டில் தங்கியிருக்கும் மதுரைப் பையன் ஒருவன் "அங்கிள், கொஞ்சம் வற்றல் கிடைக்குமா?" என்று தயங்கித் தயங்கிக் கேட்டான். ஒரு பொட்டலத்தை அப்படியே கொடுத்தேன்.

செப்டம்பர் 19, வியாழன்

நல்ல வெயில். நம் ஊர் மார்கழிக் காலை போல இதமான காற்று. மகள் வகுப்புக்குப் போனதும் நான் தனியாகக் கிளம்பினேன்.

முதலில் காமெட் ஹோட்டல். 1930களில் கட்டிய செங்கல் கட்டடம். மேலிருந்து பார்த்தால் விமான வடிவம் தெரியுமாம். முன்னால் ஒரு செதுக்குத் தூண், எரிக் கென்னிங்டன் செதுக்கியது, அதன் உச்சியில் சின்ன விமான உருவம். டி.எச். 88 காமெட் என்ற பந்தய விமானம் அது. 1934 செப்டம்பர் 8 அன்று இந்த ஊர்ப் புல்வெளியில் இருந்து முதன்முதலாகப் பறந்தது. அடுத்த மாதமே இங்கிலாந்தில் இருந்து மெல்போர்ன் வரை நடந்த பந்தயத்தில் அந்த ரகத்தில் ஒன்று முதலாவதாக வந்தது. வழியில் அது இறங்கிய இடங்களில் அலகாபாத்தும் ஒன்று. அதுவும் மர விமானம்தான்.

ஜெஃப்ரி டி ஹாவிலண்ட் என்பவரின் நிறுவனம் முதலில் லண்டன் ஓரத்தில் ஸ்டாக் லேன் என்ற இடத்தில் இருந்தது. சுற்றிலும் வீடுகள் பெருகி நெருக்கியதால், 1930இல் ஹாட்ஃபீல்டுக்கு வெளியே பண்ணை நிலத்தை வாங்கினார்கள். தார், சிமெண்ட் எதுவும் கிடையாது, வெறும் புல்தான். காற்று எந்தப் பக்கம் வீசுகிறதோ அந்தப் பக்கம் முகம் வைத்து எழும்பலாம் என்பதால், சின்ன விமானங்களுக்குப் புல்வெளி ஒருவகையில் வசதியும்கூட. முதலில் பறக்கப் பழகும் பள்ளி வந்தது. 1934 வாக்கில் தொழிற்சாலையும் வந்து சேர்ந்தது. ஜெஃப்ரிக்குப் பூச்சிகள் மேல் பெரிய பிரியம். அதனால்தான் அவர் செய்த சின்ன விமானங்களுக்கு ஜிப்சி மாத், டைகர் மாத், புஸ் மாத் என்று அந்துப்பூச்சிப் பெயர்கள். 1932இல் ஜே.ஆர்.டி. டாட்டா கராச்சியில் இருந்து பம்பாய்க்குத் தபால் கொண்டுவந்தது ஒரு புஸ் மாத்தில்தான். அந்தத் தபால் சேவை சென்னை வரை நீண்டது.

தொழிற்சாலையின் அலுவலகக் கட்டடம் இன்னும் நிற்கிறது. வெள்ளைச் சுவர், நீளமான ஜன்னல் வரிசை. பிற்பாடு அது காவல் நிலையம் ஆனது. சற்றுத் தள்ளி ஒரு பிரம்மாண்டமான கொட்டகை, 1950களின் தொடக்கத்தில் அலுமினியத்தில் எழுப்பியது. பிற்பாடு அதே பெயரில் வந்த காமெட் ஜெட் பயணிகள் விமானங்கள் நின்ற அந்தக் கொட்டகை இப்போது உடற்பயிற்சிக் கூடம். உள்ளே ஓடும் எந்திரங்களில் மக்கள் ஓடிக்கொண்டிருந்தார்கள். இடிக்காமல் வைத்திருக்கிறார்களே, எனக்கு அதுவே சந்தோஷம். வாசலில் இருந்த பெண்ணிடம் கூரையை மட்டும் பார்க்கலாமா என்று கேட்டேன். கையில் இருந்த வேலையை வைத்துவிட்டு உள்ளே கூட்டிப்போய் ஐந்து நிமிடம் நிற்கவிட்டார். மறுபடி மறுபடி நன்றி சொன்னேன். அவரும் பதிலுக்கு நன்றி சொன்னார்.

1940 அக்டோபர் 3இல் நடந்ததை எழுதாமல் போக மனம் வரவில்லை. மழை, மேகமூட்டம். தனியாக வந்த ஒரு ஜெர்மன் விமானம் தாழப் பறந்து நான்கு குண்டுகளைப் போட்டது. ஈரப் புல்லில் விழுந்த குண்டுகள் வழுக்கி எகிறிப் போய் 94ஆம் எண் பட்டறையில் வெடித்தன. 21 பேர் இறந்தார்கள், 70 பேருக்குக் காயம். மஸ்கிட்டோவுக்காகச் சேர்த்து வைத்திருந்த பொருள்களில் பெரும்பகுதி எரிந்துபோனது. காலையில் தூக்குச்சட்டியோடு பட்டறைக்குப் போன மனிதர்கள். என் அப்பா போன்றவர்கள், நான் பாடம் சொன்ன பையன்கள் போன்றவர்கள். அன்றைக்கு அந்தச் சாலையில் நடக்கும்போது வேறு எதுவும் நினைக்க முடியவில்லை.

மாலையில் மகள் ஒரு செய்தி கண்டுபிடித்து வந்தாள். அவள் படிக்கும் பல்கலைக்கழகமே இந்தத் தொழிற்சாலையால் பிறந்ததுதான். கம்பெனித் தலைவர் ஆலன் பட்லர் 1944இல் 90 ஏக்கர் நிலத்தைக் கல்விக்கென்று கொடுத்தார். 1952இல் அங்கே தொழில்நுட்பக் கல்லூரி திறந்தது, விமானப் பொறியாளர்களை உருவாக்க. அதுதான் வளர்ந்து இன்றைய பல்கலைக்கழகம். 2003இல் பழைய விமானத்தள நிலத்திலேயே இன்னொரு வளாகமும் வந்தது. அதன் பெயர் டி ஹாவிலண்ட் வளாகம். "டெய்லி இந்தப் பேரைச் சொல்லித்தான்பா பஸ் ஏறுறேன்" என்றாள். முகம் ஒரு மாதிரி இருந்தது.

இரவு மீனும் உருளைக்கிழங்கும் வாங்கிச் சாப்பிட்டோம். ஒரு தட்டு 11 பவுண்டு, நம் கணக்கில் ஆயிரத்து இருநூறு ரூபாய். காட் மீன் வெள்ளையாக, பூப்போல உதிர்ந்தது. உப்பு மட்டும் போதவில்லை. மிளகாய்ப்பொடி தொட்டுக்கொண்டதும் சரியாகிவிட்டது.

செப்டம்பர் 20, வெள்ளி

விமானத்தளத்தின் மேற்குப் பகுதி இப்போது எல்லன்புரூக் ஃபீல்ட்ஸ் என்ற திறந்தவெளி. காலை எட்டு மணிக்குப் போனேன். பனி இன்னும் இறங்கிக் கொண்டிருந்தது. இடுப்பளவு புல், நடுவே மண்பாதைகள், ஓரத்தில் பிளாக்பெரிப் புதர். பழங்கள் கடைசிக் கட்டம். கறுத்துக் கனிந்ததைத் தொட்டாலே கையோடு வந்தது. நம் ஊர் நாவல் மாதிரி நாக்கில் நிறம் ஒட்டியது.

நாயோடு வந்த ஒரு பெரியவர், எழுபது வயது தாண்டியிருக்கும், சாலையோரம் இருக்கும் பழத்தைப் பறிக்காதீர்கள், இடுப்புக்கு மேல் இருப்பதைப் பறியுங்கள் என்று சொல்லிக் கொடுத்தார். கீழே இருப்பதை நாய்கள் நனைத்துவிடும். பேச்சு வளர்ந்தது. இவர் இங்கே பிஏஇ 146 என்ற விமானம் கட்டும் வேலை பார்த்தவர். நான்கு எஞ்சின் இருந்தும் சத்தம் குறைந்த ஜெட் அது. 1981 செப்டம்பர் 3 அன்று இங்கிருந்துதான் முதலில் பறந்தது. 1993-94இல் தளம் மூடிய பிறகு அவர் பள்ளி வேன் ஓட்டினாராம். மூடிய கதையை அவர் சொன்ன விதத்தில் கோபம் இல்லை. "அந்த மரம் இருக்கிறதே, அதற்கு நேராக ஓடுபாதை" என்று கைத்தடியால் காட்டினார். காட்டிய இடத்தில் புல்தான் இருந்தது.

நான் அவரிடம் புல் தளம் சிமெண்ட் தளம் ஆனது எப்போது என்று கேட்டேன். 1947 என்றார், யோசிக்காமல். ஜெட் வந்துவிட்டது, எடை கூடிவிட்டது, புல் தாங்காது. சரி, இப்போது சிமெண்டைப் பெயர்த்துவிட்டு மறுபடி புல் வந்திருக்கிறதே என்றேன். தலையாட்டினார். நாய் இழுத்தது, போய்விட்டார். அவர் பெயரைக் கேட்கவில்லை, அவரும் என் பெயரைக் கேட்கவில்லை. இந்த ஊரில் அது மரியாதைக் குறைவு இல்லை போலிருக்கிறது.

இதே புல்லில்தான் 1940 ஜனவரி 1 அன்று எட்டுப் பெண்கள் வேலையில் சேர்ந்தார்கள். பாலின் கோவர் என்பவர் தலைமையில், தொழிற்சாலையில் இருந்து விமானங்களைப் படைத்தளங்களுக்கு ஓட்டிக்கொண்டு போய்ச் சேர்க்கும் துணைப்படையின் பெண்கள் பிரிவு. முதலில் அவர்கள் கைக்குக் கொடுத்தது டைகர் மாத் மட்டும். மேலே கூரை கிடையாது, திறந்த இருக்கை. அந்தக் குளிர்காலம் இங்கிலாந்தில் மிகக் கடுமையானது. அதில் ஸ்காட்லாந்து வரை ஓட்டினார்கள். பிற்பாடு பெரிய போர் விமானங்களும் அவர்கள் கைக்கு வந்தன. 1943இல் ஆண்களுக்கு நிகரான சம்பளமும் வந்தது. செப்டம்பர் காலைக்கே நான் மகள் வாங்கிக் கொடுத்த கம்பளிச் சட்டையின் கழுத்தை இழுத்து மூடிக்கொண்டுதான் நடந்தேன்.

செப்டம்பர் 21, சனி

இந்த நாளுக்காகத்தான் இதை எழுத உட்கார்ந்தேன்.

மஸ்கிட்டோவை வரைந்ததும் முதல் விமானத்தைக் கட்டியதும் ஹாட்ஃபீல்டில் இல்லை. குண்டுக்குப் பயந்தும் ரகசியத்துக்காகவும் சில மைல் தள்ளி, லண்டன் கோல்னி பக்கத்தில் சாலிஸ்பரி ஹால் என்ற பழைய மாளிகையில். அங்கே இப்போது டி ஹாவிலண்ட் அருங்காட்சியகம். 2024இல் பேருந்தில் எங்கே ஏறி எங்கே இறங்கினாலும் ஆளுக்கு 2 பவுண்டுதான், அது பரவாயில்லை. ஆனால் நாங்கள் நின்ற பேருந்து ஐம்பது நிமிடம் வரவேயில்லை. பலகையில் 'இதோ, 2 நிமிடம்' என்று காட்டும், பிறகு அந்த வரியே மறைந்துவிடும். ஒருவழியாக ஒன்று வந்து, இறங்கிய இடத்தில் இருந்து பெருஞ்சாலை ஓரமாக அரைமணி நேர நடை. நடைபாதை ஒரு இடத்தில் முடிந்தே போனது. மகள் காலணி சேறு. இறங்கும்போது மட்டும் பயணிகள் ஒவ்வொருவரும் ஓட்டுநருக்கு நன்றி சொல்லிவிட்டு இறங்கினார்கள். தாமதத்துக்கு யாரும் ஒரு வார்த்தை கேட்கவில்லை.

மாளிகையைச் சுற்றி அகழி. அதைத் தாண்டிக் கொட்டகைகள். உள்ளே போனதும் மஞ்சள் நிறத்தில் அது நின்றது. டபிள்யூ 4050. முதல் மஸ்கிட்டோ.

1939 அக்டோபரில் ஆர்.இ. பிஷப் தலைமையில் வரைவாளர்கள் இந்த மாளிகைக்குக் குடிவந்தார்கள். களஞ்சியம் போல வேடம் போட்ட கொட்டகையில் விமானத்தைக் கட்டினார்கள். பிரித்து லாரியில் ஏற்றி ஹாட்ஃபீல்டு கொண்டுபோய்ப் பூட்டி, 1940 நவம்பர் 25 அன்று பறக்கவிட்டார்கள். ஓட்டியவர் நிறுவனரின் மூத்த மகன், அவர் பெயரும் ஜெஃப்ரி. குண்டு வீச்சு நடந்து இரண்டு மாதம்கூட ஆகவில்லை. ஒரு துப்பாக்கிகூட இல்லாமல், வேகத்தை மட்டும் நம்பி இரண்டு பேர் ஏறிப்போகும் குண்டு விமானம். மரத்தில் செய்தால் யார் நம்புவார்கள்? அரசாங்கமே முதலில் நம்பவில்லை. சோதனையில் இது அன்றைய வேகமான போர் விமானம் ஸ்பிட்ஃபயரை முந்திய பிறகுதான் எல்லாரும் கேட்க ஆரம்பித்தார்கள். கடைசியில் 7,781 செய்தார்கள்.

வெட்டிக் காட்டியிருந்த உடல் துண்டு ஒன்றின் முன்னால் நான் வெகுநேரம் நின்றேன். வெளியே மெல்லிய பிர்ச் ஒட்டுப்பலகை, உள்ளேயும் அதே. நடுவே அரை அங்குலத்துக்கும் குறைவான கனத்தில் பால்சா, ஈக்வடாரில் இருந்து வந்த மரம். கையில் எடுத்தால் தக்கை போல இருக்கும். தக்கையை நடுவில் வைத்து இரண்டு பக்கமும் பலகையை ஒட்டினால், எடை கூடாமல் விறைப்பு வரும். உடலை நெடுக்குவாட்டில் இரண்டு பாதியாக அச்சின் மேல் வளைத்து ஒட்டுவார்கள், பலாக்கொட்டையைப் பிளந்த மாதிரி. ஒவ்வொரு பாதிக்குள்ளும் கம்பி, குழாய் எல்லாம் பொருத்திவிட்டு, பிறகுதான் இரண்டையும் சேர்த்து மூடுவார்கள். மூடிய குழாய்க்குள் ஆள் படுத்துக்கொண்டு வேலை செய்ய வேண்டாம். இதைப் பார்த்ததும் எனக்கு உடம்பு சிலிர்த்தது. யாரோ ஒரு நல்ல மேஸ்திரி யோசித்தது.

பசை முதலில் பாலில் இருந்து எடுக்கும் கேசின். பிறகு ரசாயனப் பசை வந்தது. ஒட்டியவர்களில் பலர் நாற்காலியும் மேசையும் பியானோவும் செய்துகொண்டிருந்தவர்கள். இரும்பும் அலுமினியமும் தட்டுப்பாடான நேரத்தில் தச்சர்கள் கை சும்மா இருந்தது. அதைப் பயன்படுத்தினார்கள். பலகை மேல் துணி ஒட்டிப் பூச்சு அடிப்பார்கள். அந்தத் துணிக்கு மடபோலம் என்று பெயர். ஆந்திராவில் நரசாபுரம் பக்கத்தில் கிழக்கிந்தியக் கம்பெனி துணி வாங்கிய கிராமத்தின் பெயர்தான் அது. துணி இங்கிலாந்தில் நெய்தது, பெயர் நம் பக்கத்துக் கடற்கரை.

அங்கே விளக்கம் சொல்லும் தன்னார்வலர் ஒருவர் நான் தச்சன் என்று தெரிந்ததும் என்னைத் தனியாக அழைத்துப்போய், பழுது பார்த்துக் கொண்டிருக்கும் ஒரு துண்டைத் தொடவிட்டார். விரல் நுனியால் பலகையின் ஓரத்தைத் தடவினேன். இணைப்பு எங்கே என்று நகத்துக்குத் தெரியவில்லை. அப்பா கதவு முடித்ததும் இப்படித்தான் கண்ணை மூடிக்கொண்டு நகத்தால் தடவிப் பார்ப்பார்.

போருக்குப் பின் இந்த மஞ்சள் விமானத்தை எரித்துவிடச் சொன்னார்களாம். நிறுவனத்து ஊழியர் ஒருவர் ஒளித்து வைத்துக் காப்பாற்றினார். பிறகு இந்த மாளிகையை வாங்கிய வால்டர் கோல்ட்ஸ்மித் இடம் கொடுக்க, 1950களின் இறுதியில் இது பிறந்த இடத்துக்கே வந்துசேர்ந்தது.

பக்கத்துக் கொட்டகையில் காமெட் ஜெட்டின் உடல். ஜன்னல்கள் சதுரம். 1949 ஜூலை 27 அன்று ஹாட்ஃபீல்டில் இருந்து முதலில் எழும்பியது. 1952 மே 2 அன்று உலகின் முதல் ஜெட் பயணிகள் சேவை இதில்தான் தொடங்கியது. அதே ஆகஸ்டில் கொழும்பு வரை வந்தது. சரியாக ஓராண்டு கழித்து, 1953 மே 2 அன்று, கல்கத்தாவில் இருந்து எழும்பிய ஒன்று புயல் மழையில் சிதறி 43 பேர் இறந்தார்கள். 1954இல் மத்தியதரைக் கடல் மேல் இரண்டு. ஒரு முழு உடலைத் தண்ணீர்த் தொட்டியில் இறக்கி அழுத்தம் ஏற்றி இறக்கிச் சோதித்தபோது, உண்மைப் பறப்பும் சோதனையும் சேர்த்து 3,057ஆவது சுற்றில் தகடு கிழிந்தது. விரிசல் கிளம்பியது திறப்புகளின் மூலையில். கதவு நிலையில் மூலை வெட்டும்போது கூர்மையாக விடாதே, அங்கேதான் வெடிக்கும் என்று எல்லா மேஸ்திரியும் சொல்வார். இது உலோகம், வேறு கணக்கு, ஒப்பிடக்கூடாதுதான். ஆனாலும் அந்த ஜன்னல் மூலையைப் பார்க்கும்போது மனசு கனத்தது.

தேநீரும் ஒரு துண்டு கேக்கும் ஐந்து பவுண்டுக்குள். தேநீரில் பாலைத் தனியாகத் தருகிறார்கள். திரும்பும்போது தூறல் பிடித்துக்கொண்டது.

செப்டம்பர் 22, ஞாயிறு

விடாத மழை. நம் ஊர் ஐப்பசி போல அடித்துப் பெய்தது. வெளியே போக முடியவில்லை. சாம்பார் வைத்தேன். அடுப்படியில் ஆறு பிள்ளைகள் கூடிவிட்டார்கள். தெலுங்குப் பெண் ஒருத்தி அப்பளம் பொரித்தாள்.

பகலில் மகள் அறைக் கதவு நிலையில் மாட்டிக்கொண்டது. மழை ஈரத்தில் ஊதிவிட்டது. மதுரைப் பையன் தோளால் இடிக்கப் போனான், தடுத்தேன். மேல் மூலையில் அழுத்திக் கீழே தூக்கி மெல்லத் திறந்தேன். மெழுகுவத்தியை உரசி ஓரத்தில் தேய்த்துவிட்டேன்.

அப்போதுதான் நேற்றுப் படித்ததைப் பிள்ளைகளுக்குச் சொன்னேன். 1944 கடைசியில் இந்தியாவில் இருந்த மஸ்கிட்டோ விமானங்கள் சில பறக்கும்போதே உடைந்து விழுந்தன. ஆராய நிறுவனத்தில் இருந்து ஒரு குழு வந்தது, நிறுவனரின் தம்பி ஹியர்வர்ட் தலைமையில். பசையில் குற்றம் இல்லை, மழைக்காலத்தில் மரம் சுருங்கியதுதான் காரணம் என்று எழுதினார்கள். பின்னால் நடந்த விசாரணைகள் வேறு விதமாகச் சொல்லின. நம் மழைக்காலத்தையே பார்க்காத விமானங்களிலும் அதே குறை இருந்தது. ஹாட்ஃபீல்டிலும் பக்கத்து லீவ்ஸ்டனிலும் ஒட்டிய வேலை சரியில்லை என்று முடிவானது.

எனக்கு இதில் தச்சர்கள் மேல் கோபம் வரவில்லை. போர் நேரம், இரவும் பகலும் வேலை, எத்தனை புதுக் கைகளோ. ஆனால் எங்கள் ஊர் மழையின் மேல் பழியைப் போட்டது வலித்தது. எங்கள் பக்கம் ஆடியிலும் மழை, ஐப்பசியிலும் மழை. அப்பா செய்த கதவுகள் அறுபது வருடம் கழித்தும் மூடித் திறக்கின்றன. மழை வரும் என்று தெரிந்து இடைவெளி விட்டுச் செய்தார்.

"அப்ப அந்த பைலட்டுகள்?" என்று தெலுங்குப் பெண் கேட்டாள். யாரும் பேசவில்லை. சாம்பார் ஆறிப்போனது, மறுபடி சுட வைத்தேன்.

செப்டம்பர் 23, திங்கள்

மதியம் ஹீத்ரோ. காலையில் குடையோடு மறுபடி எல்லன்புரூக் போனேன், மகளும் வந்தாள். பாதையெல்லாம் தண்ணீர். பெரியவர் வரவில்லை. மகள் பல்கலைக்கழகத் தோழிகளுக்கு அனுப்ப என்று தெருப்பலகைகளை ஒவ்வொன்றாகப் படம் எடுத்துக்கொண்டே வந்தாள்.

பெட்டியை மூடும்போது அவளிடம் ஒன்று மட்டும் சொன்னேன். கதவு இறுகுகிறது என்று வீட்டுக்காரரிடம் சொல்லி இழைக்க வைத்துவிடாதே. மழை நின்று நாலு நாள் வெயில் அடித்தால் தானாக அடங்கிவிடும். அதுவரை மேல் மூலையை அழுத்தித் திற.

சரிப்பா என்றாள்.